மூன்று செட் நகத்தவளை

நகத்தவளை இனம் அடியோடு அழிந்துவிட்டது என்று அறிவிக்கும் கடிதத்தை ஓடைக்காரர் பாறைமேல் விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு நகத்தவளை தாவி வந்து அதன் இரண்டாவது பத்தியின் மேல் உட்கார்ந்தது. அவர் அதை மெல்ல ஊதி நகர்த்திவிட்டு மிச்சத்தையும் படித்தார்.

ஓடைக்காரர் என்பது அவருடைய பெயர் அல்ல, வேலை. பதினோரு வருடமாகத் தினமும் காலையில் அருவியடியிலிருந்து மரப்பாலம் வரை ஓடைக்குள் இறங்கி நடப்பார். நீரின் உயரத்தை அளப்பார், தவளைகளை எண்ணுவார், நோட்டில் எழுதுவார். தவளை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கட்டைவிரல் நகத்தின் மேல் உட்கார்ந்தால் நகத்தின் விளிம்பைத் தாண்டாது. நீர்த்திவலை படுகிற பாறை, அதன்மேல் கவிந்த இலை, இவ்வளவுதான் அதற்கு உலகம். கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல விட்டுவிட்டுக் கத்தும். இந்த ஒரே ஒரு ஓடையை விட்டால் வேறெங்கும் அது கிடையாது. அன்றைய எண்ணிக்கை அறுபத்து மூன்று.

கடிதம் நகரத்தில் இருக்கும் அருகிவரும் உயிரினங்கள் இருப்பு உறுதிப்பாட்டு இயக்ககத்திலிருந்து வந்திருந்தது. மூச்சு விடாமல் இந்தப் பெயரைச் சொல்ல முடியாது என்பதால் எல்லாரும் இருப்பகம் என்றே சொல்வார்கள். இருப்பகத்தின் விதி மிக எளிமையானது. ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் தாங்கள் இன்னும் உயிரோடு இருப்பதாக வருடம் ஒருமுறை சான்றிதழ் கொடுக்கிறார்கள் அல்லவா, அதேபோல் பாதுகாக்கப்பட்ட உயிரினங்களும் கொடுக்க வேண்டும். ‘மேற்படி தவளை உரிய காலத்தில் தன் உயிர்ச் சான்றிதழைப் புதுப்பித்துக்கொள்ளாததால் இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறது. எனவே அதன் ஓடைக்கு அடியிலும் இருபுறமும் கான்கிரீட் போடும் பணி இன்றிலிருந்து முப்பதாம் நாள் தொடங்கும். ஆட்சேபனை இருப்பின் சம்பந்தப்பட்ட தவளை அதற்குள் நேரில் அணுகலாம்.’

ஓடைக்காரரின் மனைவி ஜன்னலோரத் தையல் மெஷினில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, “தவளை நேர்ல போகணுமா? பஸ்ஸுக்குக் கை காட்டினா நிறுத்துவாங்களா?” என்று கேட்டாள்.

“சிரிக்கற விஷயமில்ல. கான்கிரீட் போட்டா ஒண்ணு மிஞ்சாது.”

“சரி, நீங்க போய்ச் சொல்லுங்க. பதினோரு வருஷமா எண்ணறவர் சொன்னா நம்பமாட்டாங்களா?”

நம்புவார்கள் என்றுதான் அவரும் நினைத்தார். விதி என்று ஒன்று எழுதப்பட்டிருந்தால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும் என்று நினைக்கிற மனிதர் அவர். வரிசையில் நிற்கும்போது முன்னால் இருப்பவரின் முதுகில்கூட இடிக்க மாட்டார். அப்படிப்பட்டவர்களை நம்பித்தான் அலுவலகங்கள் நடக்கின்றன.

நோட்டையும் பத்துப் பதினைந்து புகைப்படங்களையும் எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போனார். இருப்பகத்தின் வாசலில் கடிதங்கள் வாங்குகிற கிளார்க் நல்ல மனிதர். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே நல்லவர். நாற்காலி இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, புகைப்படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து ரசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“போட்டோ செல்லாது சார். எண்பது வயசு பென்ஷன்காரர்கூட ஆளைப் பிடிச்சுக்கிட்டு நேர்ல வர்றாரு. தவளைக்கு மட்டும் எப்படிச் சலுகை குடுக்கறது?”

நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் காலை ஓடைக்காரர் ஈரப்பாசி பரப்பிய டிபன் டப்பாவில் ஒரு தவளையை வைத்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் மூடியைத் திறந்து திறந்து தண்ணீர் தெளித்ததில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போய்விட்டார். கிளார்க் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

“அடடா, என்ன அழகு! மத்த ரெண்டும் எங்க?”

“மத்த ரெண்டா?”

“எந்த மனுவா இருந்தாலும் மூணு செட் சார். அசல் ஒண்ணு, நகல் ரெண்டு. ஒண்ணு பிரிவுக்கு, ஒண்ணு மேலிடத்துக்கு, ஒண்ணு ஆபீஸ் காப்பி.”

“தவளைக்கு நகல் எப்படிங்க எடுக்கறது?”

கிளார்க் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ரொம்ப யோசிக்காதீங்க. இதே மாதிரி இன்னும் ரெண்டு. அவ்வளவுதான். யாரும் வித்தியாசம் பாக்கமாட்டாங்க.”

கொண்டுவந்ததைத் திரும்ப எடுத்துப் போக முடியவில்லை. அதற்குள் வரவுப் பதிவேட்டில் எண் போட்டாகிவிட்டது. தவளை ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் போய், ரப்பர் பேண்டால் கோப்போடு சேர்த்துக் கட்டப்பட்டு, அலமாரி ஏறியது.

மூன்றாவது முறை மூன்று தவளைகளோடு போனார். இப்போது சான்றொப்பம் வேண்டும் என்றார்கள். நகல் என்றால் அது அசலைப் போலத்தான் இருக்கிறது என்று ஓர் அதிகாரி முத்திரை குத்திக் கையெழுத்திட வேண்டும் அல்லவா? அந்த அதிகாரி மூன்றாவது மாடியில் இருந்தார். அவருடைய வட்ட முத்திரை தவளையைப் போல நான்கு மடங்கு பெரியது. குப்பியின்மேல் குத்தலாமே என்று ஓடைக்காரர் பணிவாகச் சொல்லிப் பார்த்தார்.

“குப்பிக்கா சான்றொப்பம் கேட்டிருக்கு?” என்றார் அதிகாரி. “ஆவணத்து மேல போடணும். இருபது வருஷமா ஆவணத்து மேலதான் போடறேன்.”

மேஜைக் கண்ணாடியில் தவளைகளை விட்டு, மைப்பெட்டியைத் திறந்து, அவர் மூன்று முறை குத்தினார். இரண்டு தவளைகள் தாவித் தப்பின. மூன்றாவது தப்பவில்லை.

“பாத்தீங்களா?” அதிகாரி முத்திரையை எடுத்துவிட்டுக் கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டார். “இது ஒத்துழைச்சுது. எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு! அந்த ரெண்டையும் அடுத்த தடவை நல்லாப் பழக்கிக் கூட்டிட்டு வாங்க.”

மை பூசிய அந்தச் சின்ன உடம்பைக் கையில் வைத்துக்கொண்டு ஓடைக்காரர் நடைக்கு வந்தார். அந்த நடையின் எதிர் அறைதான் இறப்புப் பிரிவு. உயிரினம் அழிந்துவிட்டது என்று சான்றிதழ் கொடுக்கிற இடம். அங்கே வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த ஊழியர் அவர் கையைப் பார்த்துவிட்டு ஆவலோடு எழுந்து வந்தார்.

“அதை இங்க குடுங்க சார். எங்க பிரிவுல மூணு செட்டெல்லாம் கிடையாது, ஒண்ணே போதும். சான்றொப்பம் வேற வாங்கிட்டீங்க. அஞ்சு நிமிஷத்துல கையோட முடிச்சுக் குடுத்துடறேன்.”

ஓடைக்காரர் தவளையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மூன்று மாடியும் ஓடி இறங்கினார். ஊருக்கு வந்ததும் அதை ஓடைக்கரையில் ஒரு பெரணிச் செடியின் கீழே புதைத்தார். மனைவியிடம் சொல்லவில்லை. நகரத்தில் வெயில் அதிகம் என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு கோப்பு வேகம் பிடித்தது. தொழில்நுட்பப் பிரிவு ஆணும் பெண்ணும் தனித்தனியாக மூன்று செட் கேட்டது. சட்டப் பிரிவு மனுதாரரின் கையெழுத்தோ கைநாட்டோ வேண்டும் என்றது. பன்னிரண்டு தவளைகளின் முன்னங்கால்களை மையில் தோய்த்துப் படிவத்தில் ஒற்றி எடுத்தார்கள். படிவம் அருமையாக வந்திருந்தது. ஆய்வுப் பிரிவு, சென்ற வாரம் உயிரோடு இருந்ததற்கான ஆதாரம் இந்த வாரத்துக்குச் செல்லாது என்று சொல்லிப் புதிய செட் கேட்டது. ஒவ்வொரு மேஜையிலும் ஒரு குப்பி ஏறியது. காற்றாடிக்குக் காகிதம் பறக்காமலிருக்கச் சிலர் அதைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஓடும் தண்ணீரின் திவலை படாமல் இரண்டு நாளுக்கு மேல் அந்தத் தவளை தாங்காது என்று ஓடைக்காரர் மேஜை மேஜையாகப் போய்ச் சொன்னார். எழுத்தில் கொடுங்கள் என்றார்கள். மூன்று செட்.

கிளார்க் தன்னால் ஆன உதவியைச் செய்தார். “கூடவே நாலஞ்சு எக்ஸ்ட்ரா கொண்டுவந்துடுங்க சார். பஸ்ல ஏதாவது ஆயிடுச்சுன்னா மறுபடி அலைய வேணாம் பாருங்க. உங்க கஷ்டம் பாக்க முடியல.” ஓடைக்காரர் அந்த அன்புக்கு நன்றி சொல்லிவிட்டு எக்ஸ்ட்ராவும் கொண்டுவந்தார்.

தினமும் காலையில் எண்ணுவதை அவர் நிறுத்தவில்லை. நோட்டில் அறுபத்து மூன்று என்பது ஐம்பத்து மூன்று ஆயிற்று. பிறகு நாற்பத்தொன்று. பிறகு இருபத்தாறு. எண்ணை எழுதுவார், நோட்டை மூடுவார், டப்பாவைக் கழுவுவார். இன்னும் ஒரே ஒரு மேஜைதான் என்று ஒவ்வொரு முறையும் சொன்னார்கள். அதை நம்பாவிட்டால் அதுவரை கொண்டுபோய்க் கொடுத்ததெல்லாம் என்ன ஆவது?

இருபத்தெட்டாம் நாள் காலை, இயக்குநரே நேரில் விசாரிக்கப்போகிறார் என்று கடிதம் வந்தது. நான்கு உறுப்பினர் கொண்ட குழு, ஆளுக்கு மூன்று செட், ஆக மொத்தம் பன்னிரண்டு. ஓடைக்காரர் ஓடையில் இறங்கி அருவியடியிலிருந்து பாலம் வரை இரண்டு முறை நடந்தார். பன்னிரண்டு இருந்தது. கணக்கு இடிக்காமல் சரியாக வந்துவிட்டதே என்று ஒரு கணம் அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இதைச் சொல்லாமல் மறைத்துவிடலாம்தான். ஆனால் அந்த நிம்மதியைத்தான் பிற்பாடு அவரால் மன்னிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“என்னங்க, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. கான்கிரீட் வண்டி வந்தா என்ன ஆகும்?”

“எல்லாம் செத்துடும்.”

“இப்ப எத்தனை இருக்கு?”

“பன்னெண்டு.”

“வண்டி இன்னும் வரலையே” என்றாள் அவள்.

அவர் டப்பாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

“முன்னெல்லாம் மெஷினை நிறுத்தினா அதுங்க சத்தம் ஜன்னல் வழியா வரும். நாலு நாளா நிறுத்தி நிறுத்திப் பாக்கறேன். ஒண்ணும் வரல. போதுங்க. விட்டுடுங்க.”

“இப்ப விட்டா நாளன்னைக்கு வண்டி வந்துடும். இது கடைசி மேஜை. கடிதத்துலயே போட்டிருக்காங்க பாரு, சரிபார்த்ததும் அசலைத் திருப்பித் தருவோம்னு. சாயங்காலத்துக்குள்ள திரும்பக் கொண்டுவந்து விட்டுடுவேன்.”

“எல்லாத்தையுமா எடுத்துட்டுப் போறீங்க?”

“பன்னெண்டு கேட்டிருக்காங்க” என்றார் அவர்.

பதினொன்றைப் பிடிப்பது சுலபமாக இருந்தது. பன்னிரண்டாவது, பாலத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்மேல் தொங்கிய ஓர் இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றுக்குக் கீழே பாசிமணிபோல ஒரு கொத்து முட்டை. இந்த இனத்தில் பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஆண்தான் பொரிக்கும்வரை பக்கத்திலேயே இருந்து, தண்ணீரில் நனைந்து நனைந்து வந்து முட்டைகளைக் காயாமல் பார்த்துக்கொள்ளும். ஓடைக்காரருக்கு இது நன்றாகத் தெரியும். கை நீட்டி, திரும்ப இழுத்து, மறுபடி நீட்டினார். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. சாயங்காலம்வரைதானே என்று சொல்லிக்கொண்டு அதை எடுத்தார்.

விசாரணை அறையில் நீள மேஜை. இயக்குநர் வாட்டசாட்டமான மனிதர், குரலும் அப்படியே. டப்பாவை அவர் பார்க்கவில்லை, பக்கத்தில் இருந்தவரைப் பார்க்கச் சொன்னார்.

“தப்பா நினைக்காதீங்க” என்று ஓடைக்காரரிடம் சொன்னார். “இந்தப் பதவிக்கு வந்து பதினாறு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் ஒரு காட்டு உயிரைக்கூட நான் நேர்ல பாத்ததில்ல. ஏன்? பாத்தா பாசம் வந்துடும். பாசம் வந்தா நடுநிலை போயிடும். நாலாயிரத்து இருநூறு உயிரினத்தோட கோப்பு எங்ககிட்ட இருக்கு. ஒண்ணுல ஒரு பூச்சி அரிப்பு காட்டுங்க பாக்கலாம்! வாராவாரம் பூச்சிமருந்து அடிச்சு வெச்சிருக்கோம். உங்க காட்டுல இப்படி ஒரு பராமரிப்பு உண்டா?”

இல்லை என்று ஓடைக்காரர் ஒத்துக்கொண்டார்.

உறுப்பினர்கள் ஆளுக்கு மூன்றாக எண்ணிக் குப்பிகளில் போட்டுக்கொண்டார்கள். எல்லாரும் கையெழுத்திட்டார்கள். பொன்னிற விளிம்பு போட்ட சான்றிதழ் ஒன்று வந்தது. நகத்தவளை உயிருடன் இருக்கிறது, இந்தத் தேதியிலிருந்து ஒரு வருடத்துக்கு. கான்கிரீட் வேலை ரத்து. ஓடைக்காரருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு கையை நீட்டினார்.

“அசலைக் குடுத்தீங்கன்னா பஸ்ஸைப் பிடிச்சுடுவேன்.”

“தாராளமா” என்றார் இயக்குநர். “எது அசல்?”

ஓடைக்காரர் பன்னிரண்டு குப்பிகளையும் பார்த்தார்.

“எல்லாமே அசல்தாங்க.”

“அப்ப நகல் எங்க? நகல் இல்லாம எப்படிச் சான்றிதழ் குடுத்தோம்?” இயக்குநரின் முகம் மாறியது. உறுப்பினர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். சான்றிதழின்மேல் ஒரு கை மெல்ல நகர்ந்து வந்தது. “அசல் நாலு, நகல் எட்டுன்னுதான் பதிவாகியிருக்கு. எது எதுன்னு பதிவுக்கு முன்னாடியே நீங்கதான் குறிச்சிருக்கணும், இனிமே குறிக்க முடியாது. குறிக்கலைன்னா நாங்க எதைத் திருப்பித் தர்றது? நகலைத் திருப்பித் தர விதி இல்ல. கோப்போட சேர்ந்தது கோப்போடதான். இல்ல, எல்லாமே அசல்னு சொல்றீங்களா? அப்ப மனு செல்லாது. யோசிச்சுச் சொல்லுங்க.”

அவர் யோசித்தார். அந்த அறையில் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. குப்பி ஒன்றுக்குள்ளிருந்து, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல ஒரு சத்தம் இரண்டு முறை கேட்டு நின்றது. ஓடைக்காரர் சான்றிதழை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

பஸ்ஸில் காலி டப்பா மடியில் ஆடிக்கொண்டே வந்தது. அழ வேண்டும்போல இருந்தது, ஆனால் சான்றிதழ் நனைந்துவிடும் என்று அடக்கிக்கொண்டார். அப்படிப்பட்ட மனிதர் அவர். தான் யாருக்கு என்ன செய்துவிட்டோம் என்பது பாதி வழியில் முழுசாக உறைத்தது. பஸ் வேகமாகப் போகக் கூடாதா என்று பதறினார். அந்த இலை காய்ந்துகொண்டிருக்கும்.

ஓட்டமாக ஓடி மரப்பாலத்தை அடைந்தபோது மாலை வெயில் இன்னும் இருந்தது. மனைவி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையால் இலையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கை விரல்நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக அதன் அடியில் நீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

“காலைல நீங்க இங்க ரொம்ப நேரம் குனிஞ்சு நின்னீங்க. என்னன்னு பாக்க வந்தேன்” என்றாள். பிறகு அவர் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள்.

“எத்தனை நாள்ல பொரிக்கும்?”

“பதினெட்டு நாள் ஆகும்.”

“சரி. இறங்குங்க. எனக்குக் கால் மரத்துப் போச்சு.”

அதிலிருந்து பத்தாம் நாள், இருப்பகம் ஓடைக்கரையில் வெற்றி விழா நடத்தியது. பாலத்துக்கு மேல்புறம் மேடை, நாற்காலிகள், ஒலிபெருக்கி. கரையோரப் பெரணிகளை வெட்டி வழி செய்திருந்தார்கள். தவளைப் படம் போட்ட பெரிய பலகை ஒன்றை இயக்குநர் திறந்து வைத்தார். படத்தில் இருந்தது வேறு ஏதோ தவளை.

“காட்டுல இருக்கறது இன்னைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது” என்று அவருடைய குரல் ஓடை முழுக்கக் கேட்டது. “கோப்புல இருக்கறதுதான் நிலைக்கும்! இந்த ஒரு தவளைக்காக எங்க ஊழியர்கள் ஏழு மேஜை வேலை பாத்திருக்காங்க. இதே முறையை அடுத்த மாசத்துலேருந்து எல்லா உயிரினத்துக்கும் கொண்டுவரப்போறோம். மலை உச்சியில பதினோரு பறவை இருக்குதாம். அதுலேருந்து ஆரம்பிக்கறோம்!” கைதட்டல் கேட்டது.

ஓடைக்காரருக்குப் பாராட்டுப் பத்திரம் இருந்தது. இரண்டு முறை அழைத்தும் அவர் மேடைக்கு வரவில்லை. கிளார்க் தேடிக்கொண்டு இறங்கி வந்தார். பாலத்தின் நிழலில், முழங்காலளவு தண்ணீரில், ஓடைக்காரர் ஒரு இலையை உள்ளங்கையில் தாங்கியபடி நின்றிருந்தார். முகம் கறுத்து, கண் உள்ளே போய், பத்து நாளில் பத்து வயது கூடியிருந்தது.

“என்ன சார் இங்க நிக்கறீங்க? இயக்குநர் கூப்பிடறாரு. அப்படியே இன்னைக்கு எண்ணிக்கையும் சொல்லிடுங்க, பதிவேட்டுல போட்டுடறேன்.”

“ஒண்ணுமில்லீங்க.”

“ஒண்ணுமில்லைன்னா?”

“ஓடையில ஒரு தவளைகூட இல்லீங்க. நான்தான் எல்லாத்தையும் உங்ககிட்ட கொண்டுவந்து குடுத்துட்டேன்.”

கிளார்க்குக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. பிறகு பதிவேட்டைத் திறந்து அறுபத்து மூன்று என்று எழுதினார்.

“சான்றிதழ் இருக்கு சார். அடுத்த வருஷம்வரைக்கும் கவலைப்படாதீங்க. அடுத்த வருஷம் புதுப்பிக்கும்போது முன்கூட்டியே மூணு செட் எடுத்து வெச்சுட்டா...” அப்போதுதான் அவர் இலையைக் கவனித்தார். எட்டிப் பார்க்கக் கழுத்தை நீட்டினார். “அது என்ன சார், இலைக்கு அடியில மணிமணியா?”

பதினோரு வருடத்தில் நோட்டில் ஒரு எண்ணைக்கூடப் பொய்யாக எழுதாத மனிதர், இலையைத் தன் பக்கமாகத் திருப்பி மார்போடு சேர்த்துக்கொண்டார்.

“வெறும் தண்ணிங்க” என்றார்.